பிடிவாதக்கார நாயகியை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மாயக்கதையின் நாயகி வல்லி, அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்கிறவரின் மகள். சாகிறவரின் கடைசி மூச்சை மணிக்குள் அடைக்கத் தெரிந்தவள். அம்மா இறக்கும்போது அழமாட்டாள். கையிலிருக்கும் சரத்தில் மணிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். ஆறு ஆண்டுகளில் நான்கு பதிப்பகங்கள் கைப்பிரதியைத் திருப்பிவிட்டன. “பொண்ணு மனசுல ஒட்டலைங்க” என்றார் ஒரு ஆசிரியர். மற்றவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

இரண்டாவது மறுப்பு வந்ததுமே பெரிய தவறைச் செய்தேன். வல்லி ஒரு நாய்க்குட்டிக்குச் சோறு வைப்பதாக ஒரு காட்சி எழுதிச் செருகினேன். அந்தப் பக்கத்தில் இருந்தது வல்லியே இல்லை. பிடிக்க வைப்பதற்காக ஒட்டிய நல்ல குணத்தை வாசகர் உடனே கண்டுகொள்வார். நாயகி சிடுசிடுவென்று இருக்கலாம், பொய் சொல்லலாம், யாரையும் மன்னிக்காமல் போகலாம். அவளுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் சீக்கிரம் தெரிந்துவிட வேண்டும். வல்லிக்கு வேண்டியது அம்மாவின் மூச்சு இருக்கும் மணி. நானோ அதைத் தொண்ணூறாம் பக்கம் வரை ஒளித்து வைத்திருந்தேன். ஆசிரியர்கள் நோயைச் சரியாகத்தான் சொன்னார்கள். மருந்தைத்தான் நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

பழைய காயம் ஒன்றைக் காட்டி நாயகிக்காக மன்னிப்புக் கேட்பதும் அதே வகைத் தவறு. “சின்ன வயசுல ரொம்ப அடிபட்டவள், அதான் இப்படி” என்று எழுதியதும் அவள் சுருங்கிப்போகிறாள். குண்டலகேசியை நினைத்துப் பாருங்கள். தன்னைக் கொல்ல மலைக்கு அழைத்துப்போன கணவனை, வலம்வந்து வணங்குவதாகச் சொல்லி அவளே தள்ளிவிடுகிறாள். அந்தக் காப்பியத்தில் நமக்குக் கிடைத்தவை 19 பாடல்கள்தான். ஆனாலும் அந்தப் பெண் இன்னும் நம் நினைவில் நிற்கிறாள்.

மாயக்கதைதானே என்று தொழிலை மேலோட்டமாக எழுதாதீர்கள். அரிக்கமேட்டு மணிக்காரர்கள் உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கினார்கள். இதைப் படித்த பிறகுதான் மூச்சு எந்த நொடியில் உள்ளே போகும் என்று எனக்குப் பிடிபட்டது: குழலை இழுக்கும்போது. அந்த வித்தைக்கு விலையும் வேண்டும். ஒவ்வொரு முறையும் வல்லியின் மூச்சிலும் கொஞ்சம் போகிறது.

மறுப்புக் கடிதத்தை வாசிப்பதிலும் தவறு நடக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மாட்லின் லெங்கிளின் கதையைச் சொல்லி நாம் ஆறுதல் தேடுவோம். கோபமும் பிடிவாதமும் நிறைந்த, கண்ணாடி போட்ட சிறுமியைப் பற்றிய அவருடைய நாவலைப் பதிப்பகங்கள் 26 முறை மறுத்தன. 1962-இல் அது வெளிவந்தது, 1963-இல் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. எனக்கும் தெம்பு தந்த கதைதான். ஆனால் மறுத்தவர்கள் எல்லாருக்கும் ரசனை இல்லை என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு வந்ததில் இரண்டு பேர் மூன்றாம் அத்தியாயத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அங்கே வேலை பாக்கி இருந்தது. பதிலே வராததை மட்டும் நாயகி மீதான தீர்ப்பாக நினைக்க வேண்டாம்.

எழுத்தாள நண்பர்களிடம் மட்டும் படிக்கக் கொடுப்பது இன்னொரு தவறு. அவர்கள் நடையைப் பற்றிப் பேசுவார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பிரதி எடுக்கும் ஜெராக்ஸ் கடை அக்கா, தாள்களை அடுக்கிக்கொண்டே முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் பொண்ணு எதுக்கும்மா எண்ணிக்கிட்டே இருக்கு?”

அதற்குப் பதில் என் முதல் பக்கத்தில் இல்லை. அன்று ராத்திரியே நாய்க்குட்டியை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். வல்லி கோத்தது நாற்பது மணி. அம்மாவின் மூச்சு அடங்கியதும் எண்ணுகிறாள், நாற்பத்தொன்று இருக்கிறது. மறுபடி எண்ணுகிறாள். வாசலில் வணிகன் சரத்துக்காகக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.