கியர்பாக்ஸ் தகராறு செய்கிற ஆட்டோமேட்டிக் காரை நம்பலாமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய முதல் ஆட்டோமேட்டிக் கார், பார்க்கப் போன அன்று மென்மையாக ஓடியது. மறுநாள் காலையில் வீட்டில் ஸ்டார்ட் செய்து டி-யில் (முன்னால் போகும் நிலை) போட்டால் அசையவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் அளவு நேரம் கழித்து, யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி ஒரு குலுக்கலோடு கிளம்பியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: நான் போனபோதே பானெட் வெதுவெதுப்பாக இருந்தது, கை வைத்தும் பார்த்தேன், ஆனால் ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் கோளாறுகள் எப்போதும் முகம் காட்டுவதில்லை. சிலது குளிர்ந்திருக்கும்போது மட்டும் வரும், சிலது அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு, சிலது நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும். அதனால் ஒரு தடவை நன்றாக ஓடியது என்று நம்பிவிடவும் முடியாது, ஒரு தடவை இடித்தது என்று ஒதுக்கிவிடவும் வேண்டியதில்லை. கோளாறு எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்று சொல்ல முடிகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதித்தால் நல்ல காரையும் கெட்டது என்று சொல்லிவிடுவீர்கள். டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது, அதனால் கியர் மாறுவது மென்மையாக இருக்க வேண்டும். சிவிடி-யில் தனித்தனி கியரே கிடையாது, இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு பெல்ட் ஓடுகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) முதலில் ஏறி, காரின் வேகம் கொஞ்சம் பின்தங்கி வருவது அதன் இயல்பு. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு இயந்திரம் இயக்குகிறது, ஒவ்வொரு கியருக்கும் தலை லேசாக ஆடும், அது நோய் இல்லை. டிசிடி-யில் இரண்டு கிளட்ச். அதிலும் உலர் கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்) வகை என்றால், ஊர்ந்து போகும்போது சூடாகி அதிரும் பழக்கம் பல மாடல்களில் உண்டு.

படி 2: ராத்திரி முழுக்க நின்ற காரைப் பாருங்கள்

"வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் முதல் வேலை பானெட்டைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் சண்டை போட வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி வந்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்து ஆர்பிஎம் அடங்கியதும், பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர் (ரிவர்ஸ்), அப்புறம் டி. கியர் பிடிப்பதை உடம்பிலேயே உணரலாம், ஒரு வினாடிக்குள் பிடிக்க வேண்டும். இரண்டு வினாடியைத் தாண்டினால் ஆயில் குறைவாக இருக்கலாம், உள்ளே சீல் இறுகிப்போய் அழுத்தம் வராமலும் இருக்கலாம். 'டங்' என்று இடித்தால் உடனே கியர்பாக்ஸைப் பழிக்காதீர்கள், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தாலும் அதே சத்தம்தான் வரும், அதை மாற்றுவது சின்ன வேலை.

படி 3: ஆயில்

கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் குச்சி, அதாவது டிப்ஸ்டிக் இருந்தால் அதிர்ஷ்டம், இப்போதைய பல கார்களில் கிடையாது. பெரும்பாலான கார்களில் சூடேறியபின் எஞ்சின் ஓடும்போதே, பி-யில் வைத்து அளவு பார்ப்பார்கள். ஹோண்டாவின் பல மாடல்களில் எஞ்சினை நிறுத்திய கையோடு பார்க்க வேண்டும். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படி செய்யுங்கள்.

ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு வகை ஆயில் என்றால் நல்லது தெளிவாக, நீர்த்துப் பரவும். பழசு பழுப்பாகும், அதில் பயமில்லை. கருப்பாகி, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி வாசனை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்து கருகியிருக்கின்றன என்று அர்த்தம். பால் கலந்த ரோஸ் நிறத்தில் குழம்பியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது, அந்தக் காரை விட்டுவிட்டு வேறு பாருங்கள். இன்னொன்று, கார் பழசாக இருந்து ஆயில் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்து பில்லும் இல்லையென்றால், எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று சொல்லி விற்ற கார்கள் நிறைய. ஆனால் கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

படி 4: ஓட்டிப் பாருங்கள், குறைந்தது அரை மணி நேரம்

நல்ல சாலையில் ஒரு சுற்று போதாது. ஊர்ந்து ஓட்டுங்கள், மேட்டில் நிறுத்திக் கிளம்புங்கள், மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். கியர் மாறும் நொடியில் ஆர்பிஎம் மட்டும் துள்ளி ஏறி வேகம் ஏறாமல் நின்றால் அது ஸ்லிப். குளிர்ந்தபோது நன்றாக இருந்து சூடேறியதும் ஸ்லிப் ஆனால் தேய்மானம் முற்றியிருக்கிறது.

அப்புறம் ஒரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. டார்க் கன்வெர்ட்டர் காரில் 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தி ஒரே சீராகப் போகும்போது, அடுக்கடுக்கான சின்ன வேகத்தடைகள் மேல் ஓடுவது போல அதிர்வு வருகிறதா? வந்தால், பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, வலது காலை அசைக்காமல் இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்தாலே போதும். அந்த நொடியில் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச் (சீராகப் போகும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைத்துப் பூட்டுவது) விடுபடும். அதிர்வும் அப்படியே நின்றுவிட்டால் குற்றவாளி அந்தக் கிளட்ச், சரியான ஆயிலை மாற்றினாலே சில சமயம் சரியாகிவிடும். நிற்காமல் தொடர்ந்தால் எஞ்சின் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது) பக்கமோ டயர் பக்கமோ போய்த் தேடுங்கள்.

படி 5: ஸ்கேனர்

காரில் செருகினால் கோளாறுக் குறியீடுகளை, அதாவது கோடுகளை (code) ஸ்கேனர் படித்துக் காட்டும். பி0700 என்று வந்தால் 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது' என்பது மட்டும்தான், விவரம் அதற்குள்ளே இருக்கும் வேறு கோடுகளில். பி0730 என்றால் கியர் விகிதம் தப்பு, அதாவது ஸ்லிப். பி0741 என்றால் லாக்கப் கிளட்ச். ஒரு கோடும் இல்லையென்றாலும் மகிழ்ந்துவிடாதீர்கள், கோடுகளை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பதையும் பல ஸ்கேனர்கள் காட்டும். நேற்று அழித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

படி 6: அந்த மாடலின் சரித்திரம்

2013-ல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஜி (டிசிடி-க்கு அந்த நிறுவனம் வைத்த பெயர்) கியர்பாக்ஸ் கோளாறுக்காகச் சுமார் 3,84,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களின் உலர் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு ஃபோர்டு வாரண்டியை நீட்டித்துக் கொடுத்தது. இப்படிப்பட்ட மாடல் என்றால் திருத்தப்பட்ட பாகம் போட்ட பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லாத வாய்ச்சொல்லை நான் கணக்கில் எடுப்பதில்லை.

படி 7: முடிவு

காரணம் தெரிந்து, சரிசெய்ய ஆகும் செலவை விலையில் கழித்துக்கொள்ள முடிந்தால் வாங்கலாம். மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொல்லி, ஒருவரும் நிரூபிக்காவிட்டால் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென இழுவை போய், நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் திரும்ப வருகிற கார் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், லாரிக்கு முன்னால் குறுக்கே திரும்பும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற கார் என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, குளிரா சூடா, வேகம், ஆர்பிஎம். "சில சமயம் இடிக்குதுங்க" என்று போய் நிற்பதைவிட அந்த ஒரு பக்கம் மெக்கானிக்குக்கு அதிகம் சொல்லும். என் காரில் அப்படித்தான் பிடித்தோம். கூலருக்குப் போகும் ஹோஸ் இணைப்பில் கசிவு, ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்து நாலு வருடமாகிறது, காலையில் டி-யில் போடும்போது இன்னமும் மனதுக்குள் எண்ணுகிறேன், ஒன்றைத் தாண்டுவதற்குள் பிடித்துவிடுகிறது.