ஆயாவின் விரல் நின்ற இடம்: பெரியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி ஒரு வலைப்பக்கம் செய்வது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் தெருமுனைக் கிளினிக் வாசலில் விடியற்காலையிலேயே செருப்பு வரிசை தொடங்கிவிடும். இடம்பிடிக்கச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெரியவர்கள் எதிர்த் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை இப்படிக் காக்க வைக்க வேண்டாமே என்று, போனிலேயே டோக்கன் போட ஒரு வலைப்பக்கம் செய்துகொடுத்தேன். முதலில் எங்கள் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், காட்டினேன். அவருக்கு வயது 74.

"எப்படி இருக்கு ஆயா?"

"நல்லா இருக்கு கண்ணு. எவ்ளோ அழகா பண்ணியிருக்க."

மறுநாள் காலையில் பார்த்தால், ஆயாவின் ரப்பர் செருப்பு வாசல் வரிசையில் ஏழாவதாகக் கிடந்தது.

நம் வீட்டுப் பெரியவர்கள் நாம் செய்ததைக் குறை சொல்ல மாட்டார்கள். "எனக்குத்தான் இதெல்லாம் வரல" என்று பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொள்வார்கள். அதனால் அவர்கள் வாய் சொல்வதை விட்டுவிட்டு, கை செய்வதைப் பார்க்கத் தொடங்கினேன். இந்த விளக்கம் அங்கிருந்து வந்தது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரிந்த யாரும் பின்பற்றலாம்.

படி 1: பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள்

நிரல் எழுதும் முன்பே மூன்று பேரைத் தேடுங்கள்: 65 வயதைத் தாண்டிய ஒருவர், பார்வையற்றவர் அல்லது பார்வை குறைந்தவர் ஒருவர், கை நடுக்கமோ காது கேளாமையோ உள்ளவர் ஒருவர். "இந்தப் பக்கம் சரியா இருக்கான்னுதான் பார்க்கிறோம், உங்களை இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "நாளைக் காலைக்கு ஒரு டோக்கன் போடுங்க."

அதற்குப் பின் நீங்கள் திரையைத் தொடக் கூடாது, "அங்க பாருங்க" என்றும் சொல்லக் கூடாது. இது கடினம். ஆயா தடுமாறியபோது என் கை தானாக நீண்டது, பிடித்து நிறுத்திக்கொண்டேன். ஒரு நோட்டில் மூன்றே விஷயங்களைக் குறியுங்கள்: விரல் எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எங்கே பின்னால் போனது. ஆயாவின் விரல் முதலில் நின்ற இடம் பிறந்த தேதி.

படி 2: கேள்விகளைக் குறையுங்கள்

பிறந்த தேதிக்கு நாட்காட்டிக் கட்டம் வைத்திருந்தேன். அது நடப்பு மாதத்தில் திறந்துகொள்ளும். மாதம் மாதமாகப் பின்னால் போனால், ஆயாவுக்கு 74 பெருக்கல் 12, அதாவது 888 முறை அழுத்த வேண்டும். அதைவிட, ஆயாவுக்குத் தன் பிறந்த தேதியே தெரியாது. எங்கள் பக்கத்தில் அந்த வயதினர் பலர், வெள்ளம் வந்த வருஷம், அண்ணன் பிறந்து ரெண்டு வருஷம் கழிச்சு என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். டாக்டருக்குத் தேவைப்பட்டது வயது மட்டும்தான். இரண்டு இலக்கம் தட்டினால் போதும்.

பெயருக்கு இரண்டு கட்டம் வேண்டாம். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒரே கட்டமாக வைத்து, முன்னாலோ பின்னாலோ எப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். போன் எண்ணை நடுவில் இடைவெளி விட்டு எழுதினாலும் வாங்கிக்கொள்ளுங்கள், இடைவெளியை நீக்குவது நிரலின் வேலை. மின்னஞ்சல் கேட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். ஒன்பது கட்டம் மூன்றாகியது: பெயர், வயது, போன் எண்.

படி 3: தமிழ் எழுத்துக்கு இடம் கொடுங்கள்

ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதிய சிஎஸ்எஸ்ஸை அப்படியே தமிழுக்குப் போடாதீர்கள். தமிழில் ஒரு புள்ளி பொருளையே மாற்றும். "பல்" என்பதில் புள்ளி மங்கினால் "பல". கண்புரை உள்ளவருக்கு 14 பிக்சலில் அந்தப் புள்ளி தெரியாது. நான் 20 பிக்சல் வைத்திருக்கிறேன். மெல்லிய எடையுள்ள எழுத்துரு வேண்டாம், ண, ழ போன்றவற்றின் சுழி கலங்கிப் போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், இரண்டும் தெளிவு.

வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.5 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். நெருக்கினால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். பட்டனுக்கு அகலத்தை எண்ணில் பூட்டாதீர்கள், தமிழ்ச் சொல் நீளமானது. விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுக்கும் வரி உங்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் இருந்தால் உடனே நீக்குங்கள். 200 விழுக்காடு பெரிதாக்கியும் எல்லாம் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

சொற்களும் இதில் அடக்கம். "சமர்ப்பிக்கவும்" என்று எழுதியிருந்த பட்டனை ஆயா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாமிக்குத்தான் எதையும் சமர்ப்பிப்பார். இப்போது அது "டோக்கன் போடவும்".

படி 4: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருக்கும். ஆனால் மதிய வெயிலில், துறைமுகத்தில் மீன்கூடை பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்க்கும் அம்மாவுக்கு அது வெற்றுத்திரை. வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) என்ற உலக நெறிமுறை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது. இதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. வெள்ளையில் #777777 சாம்பல் மயிரிழையில் தவறும், #767676 மயிரிழையில் தேறும். இந்த எல்லையில் விளையாடாமல் கறுப்பே வைத்துவிடுங்கள், அது 21:1.

"சிவப்பில் உள்ளவற்றைச் சரிசெய்க" என்று மட்டும் எழுதினால், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர் என்ன செய்வார்? கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் துறைமுகத்துப் புயல் கூண்டே போதும். பகலில் வடிவங்கள், இரவில் விளக்குகள், அதோடு ஓர் எண். அந்த எண்ணை வானொலியிலும் சொல்வார்கள். ஒரே எச்சரிக்கை கண்ணுக்கும் காதுக்கும் தனித்தனியே போய்ச் சேருகிறது. உங்கள் பக்கத்திலும் சிவப்புக் கோட்டோடு "போன் எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது" என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதுங்கள்.

படி 5: காய்ந்த விரலுக்கு ஏற்ற பட்டன்

வயதானால் தோல் காய்ந்துவிடும், தொடுதிரை அந்த விரலைச் சில நேரம் உணராது. அதனால் அவர்கள் அழுத்திப் பிடிப்பார்கள், போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏதோ பட்டியலைத் திறக்கும். கை நடுங்கினால் ஒரு தட்டு இரண்டாகும், இரண்டு டோக்கன் விழும்.

பட்டன் 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் உயர அகலத்துக்குக் குறையக் கூடாது. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். விரல் பட்டவுடன் இல்லாமல், விரலை எடுத்த பிறகே வேலை நடக்கட்டும், தவறாகத் தொட்டவர் விரலை நகர்த்தித் தப்பிக்கலாம். முதல் தட்டுக்குப் பின் பட்டனைச் சில நொடிகள் செயலிழக்க வைத்தால் இரட்டை டோக்கன் வராது. இழுத்தால்தான் நகரும் என்று எதையும் செய்யாதீர்கள்.

படி 6: போன் மேல் துண்டைப் போட்டுப் பாருங்கள்

எனக்கு அதிகம் கற்றுத் தந்த படி இது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகள், அணுகல்தன்மை என்று போய் டாக்பேக்கை இயக்குங்கள். திரையில் இருப்பதைத் தமிழில் படிக்கும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும், இரண்டு முறை தட்டினால் அழுத்தும். இப்போது போன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, துண்டுக்கடியில் விரலை விட்டு, காதை மட்டும் வைத்து டோக்கன் போடுங்கள்.

என் பக்கத்தில் நான் கேட்டது: "திருத்து பெட்டி. திருத்து பெட்டி. திருத்து பெட்டி. பெயரிடப்படாத பட்டன்." எந்தப் பெட்டியில் எதை எழுதுவது? கட்டத்துக்கு மேலே "பெயர்" என்று வெறும் எழுத்தாக எழுதியதே போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கட்டத்தோடு இணைக்காவிட்டால் அது பெயர்ப்பலகை ஆகாது. கட்டத்துக்குள் மங்கலாக எழுதினாலோ, தட்டத் தொடங்கியதும் பார்வையுள்ளவருக்கே மறைந்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபிள் குறி எழுதி, கட்டத்தின் ஐடியோடு இணையுங்கள். படம் மட்டும் உள்ள பட்டனுக்கு, காதில் விழ வேண்டிய பெயரை ஏரியா-லேபிள் (aria-label) என்ற பண்பில் கொடுங்கள். டிவ் குறியை அலங்கரித்துப் பட்டன் போலக் காட்டாமல், உண்மையான பட்டன் குறியையே பயன்படுத்துங்கள். பக்கத்தின் முதல் குறியில் மொழி தமிழ் என்று அறிவியுங்கள், இல்லாவிட்டால் சில கருவிகள் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று திணறும்.

கணினியில் சோதிக்க, திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். மவுஸை ஒதுக்கிவைத்து டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள். எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை, அழகு கருதி யாரும் அழித்திருக்கக் கூடாது. குரோமில் உள்ள லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி சில பிழைகளைத் தானே பிடிக்கும். ஆனால் "சமர்ப்பிக்கவும்" புரியவில்லை என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கைகள் எல்லாம் படமாகவே வரும். பார்வையற்ற எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் போன் சொல்வது "படம்" என்ற ஒரே சொல். சுனாமியும் தானே புயலும் பார்த்த ஊர் இது. படம் போட்டால் அதில் உள்ளதைக் கீழே யூனிகோடில் தட்டிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வலைப்பக்கத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இருந்து கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே விழும்.

படி 7: அவசரப்படுத்தாதீர்கள்

ஓடிபி வந்த செய்தியைத் திறந்து, மனத்தில் பதித்து, திரும்பி வருவதற்குள் ஆயாவுக்கு நேரம் முடிந்துவிடும். எண் தானாகவே கட்டத்தில் விழும் வசதியைக் கொடுங்கள், ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். நேர வரம்பு இருந்தே ஆகவேண்டும் என்றால், முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி கொடுக்கச் சொல்கிறது டபிள்யூசிஏஜி. டோக்கனுக்கு ஓடிபியே தேவையில்லை என்று முடிவு செய்து நான் எடுத்துவிட்டேன்.

படி 8: இரண்டாவது கதவு

எந்த வேலைக்கும் ஒரே வழி வைக்காதீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் விரல்களைப் பாருங்கள். கொட்டையின் ஓட்டு எண்ணெய் தோலை அரித்து ரேகையையே அழித்துவிடும். கைரேகை மட்டுமே சாவி என்றால் அவர்கள் வெளியில்தான் நிற்க வேண்டும். கண் சிமிட்டினால்தான் ஆள் அடையாளம் உறுதியாகும் என்ற முறையால், அமில வீச்சில் முகம் சிதைந்தவர்கள் வங்கிக் கணக்குத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில்தான் 2025 ஏப்ரலில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு முன்பே இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இப்போது மூன்று கதவுகள்: படிவம், போன் அழைப்பு, குறுஞ்செய்தி. காது கேளாதவருக்கு "போன் பண்ணுங்க" என்பது பூட்டிய கதவு, அதனால் குறுஞ்செய்தி. கிளினிக்கிலும் டோக்கன் எண்ணைப் பலகையில் காட்டுகிறார்கள், குரலிலும் கூப்பிடுகிறார்கள்.

படி 9: மறுபடி பக்கத்தில் உட்காருங்கள்

திருத்தியதை அதே மூவரிடம் கொண்டுபோங்கள். ஆயா இந்த முறை யாரையும் கேட்காமல் டோக்கன் போட்டார், எண் 12. ஆனாலும் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொண்டேன். எண் வந்த பிறகும் அவர் போனைக் கீழே வைக்கவில்லை. திரை அணைந்தால் டோக்கன் போய்விடும் என்று, அவ்வப்போது விரலால் தொட்டுத் தொட்டு வெளிச்சத்தைக் காத்துக்கொண்டே சமையலறைக்குப் போனார். அன்று இரவே எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: "டோக்கன் போட்டாச்சு. இனி போனை மூடிவிடலாம்."