சென்னையில் ஓடுகிறவர்களும் சைக்கிள் மிதிப்பவர்களும் செய்யும் தவறுகள்

சென்னையில் ஓடத் தொடங்குகிறவர்கள் பலரும் வெயிலை மட்டுமே எதிரியாக நினைக்கிறார்கள். கத்திரியானாலும் காலை ஐந்து மணிக்கு மெரினாவுக்குப் போய்விட்டால் தப்பித்தோம் என்று, ஜனவரியில் ஓடிய அதே வேகத்தில் ஓடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். விடியற்காலையில் வெப்பம் குறைவு. ஆனால் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். 80 சதவீதத்தை ஒட்டி இருப்பது இங்கே சாதாரணம். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். அந்தப் புழுக்கத்தில் அது சரியாக ஆவியாவதில்லை, சட்டையில் சொட்டுகிறது.

கடற்கரைதானே, காற்று வரும் என்ற நம்பிக்கையும் அந்த நேரத்தில் பலிக்காது. நிலம் கடலைவிடச் சூடானால்தான் கடற்காற்று உள்ளே வரும்; அதற்கு நண்பகல் ஆகிவிடும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும் மே, ஜூன் நாட்களில் இன்னும் தாமதமாகும். அந்த மாதங்களில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிட்டு, பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சுவாங்காமல் பேச முடிகிற அளவுக்கு ஓடுங்கள்.

அடுத்தது, இளநீரை நம்புவது. எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது இன்னும் மோசம், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். நீண்ட ஓட்டத்துக்கு உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ நல்லது. ஓ.ஆர்.எஸ். தூளைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கையிலிருக்கும் சின்ன பாட்டிலுக்குள் முழுப் பாக்கெட்டையும் கொட்டுகிறவர்கள் உண்டு.

ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரி ஏமாற்றுகிற மாதங்கள். வடகிழக்குக் காற்று முதுகில் தள்ள, முட்டுக்காட்டைத் தாண்டி மாமல்லபுரம் வரை சுலபமாகப் போய்விடலாம். காலில் பலம் கூடிவிட்டது என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும், வெயிலும் ஏறியிருக்கும். போகும்போதே பாதிக்கு மேல் தெம்பை மிச்சம் வையுங்கள்.

மழைக்காலத்தில் முக்கியமாக, தேங்கிய தண்ணீருக்குள் சைக்கிளை விடாதீர்கள். அடியில் பள்ளமா, திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடையா என்று தெரியாது. இடி கேட்டால் மணல்வெளியை விட்டு உடனே வெளியேறிவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாலை மழைக்கும் இது பொருந்தும். போகி அன்று காலை புகைக்குள் ஓடாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

செயினை மழைக்காலத்தில் மட்டும் கவனிப்பதும் தவறு. உப்புக்காற்று வருஷம் முழுக்க வீசுகிறது. எலியட்ஸ் பீச் பக்கம் போய் வந்த சைக்கிளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி அப்படியே நிறுத்தினால் துருதான் பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் போட்டு, மிச்ச எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும்.