காட்டுயிர் காண ஒரு மோனோகுலர்: தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுள் 9-ஆவது வளைவில் இறங்கி நின்று மேலே உள்ள பாறைச் சரிவைப் பார்ப்பவருக்கு முதலில் புல்லும் பாறையும் மட்டுமே தெரியும். பிறகு ஒரு பழுப்புப் புள்ளி மெல்ல நகரும். அது வரையாடுதான் என்று உறுதிப்படுத்தவும், முதுகில் வெளிறிய திட்டு கொண்ட முதிர்ந்த கிடாவா, குட்டியோடு நிற்கும் பெட்டையா என்று அறியவும் வெறுங்கண் போதாது. அந்த இடத்தில் சட்டைப் பையிலிருந்து எடுத்து உடனே கண்ணில் வைக்கக்கூடிய ஒற்றைக்குழல் தொலைநோக்கி, அதாவது மோனோகுலர், பெரிதும் பயன்படும் கருவி. ஆனால் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அதே கருவி மங்கலும் நடுக்கமும் மட்டுமே காட்டும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஓர் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து பறவைகளைத் தொடர்ந்து பார்ப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், இரு கண்களாலும் பார்க்கும் பைனாகுலரே மேலானது. கண் களைக்காது, கையும் நடுங்காது. பையின் எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள், ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவர்கள், குடும்பத்தோடு போய் ஒரே கருவியைக் கைமாற்றிப் பார்க்கிறவர்கள் ஆகியோருக்கு மோனோகுலர் பொருந்தும். பைனாகுலரைக் குழந்தையிடம் கொடுத்தால் இரு குழல்களின் இடைவெளியை அதன் முகத்துக்கேற்பக் குறைக்க வேண்டும். மோனோகுலரில் குவிய வளையத்தைச் சற்றே திருப்பினால் போதும். மரக்கிளையில் சிங்கவால் குரங்கு அரை நிமிடம் மட்டுமே முகம் காட்டும் இடத்தில் இது சிறிய வசதியன்று.

கருவியின் மேல் 8×42, 10×25 என்பன போன்ற எண்கள் இருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்பக்கத்தில் உள்ள பொருளருகு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். பெரும்பாலோர் முதல் எண் கூடக்கூடச் சிறப்பு என்று நினைக்கிறார்கள். மோனோகுலர் வாங்குவதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. 400 மீட்டர் தொலைவில் நிற்கும் வரையாட்டை 8 மடங்கு கருவி 50 மீட்டரில் நிற்பதுபோலவும், 10 மடங்கு கருவி 40 மீட்டரில் நிற்பதுபோலவும் காட்டும். இந்தச் சிறு ஆதாயத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்: கையின் நடுக்கமும் அதே அளவில் பெருகும், காட்சிப் பரப்பு சுருங்கும், படத்தின் ஒளி குறையும். ஒரே கையில் பிடித்து, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் முகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மோனோகுலரில் நடுக்கம் பைனாகுலரைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் கருத்தில், கையில் பிடித்துப் பார்க்க 8 மடங்கே சரியான அளவு; 10 மடங்கு என்பது எல்லை; அதற்கு மேல் போனால் முக்காலி வேண்டும்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கருவியிலிருந்து வெளியேறி நம் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 8×42 கருவியில் அது ஏறத்தாழ 5.25 மில்லிமீட்டர், 10×25 கருவியில் 2.5 மில்லிமீட்டர். நல்ல வெயிலில் நம் கண்மணி 2 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான் திறந்திருக்கும் என்பதால் நண்பகலில் இரண்டு கருவிகளும் ஒரே அளவு வெளிச்சமாகத் தோன்றும். விலங்குகளும் பறவைகளும் நடமாடும் நேரமோ விடியலும் அந்தியும். அப்போது கண்மணி விரிகிறது, சிறிய ஒளிவட்டம் அதை நிரப்புவதில்லை, படம் இருள்கிறது. சோலைக்காட்டின் நிழலில் பகலிலேயே இந்த வேறுபாடு தெரியும். ஆகவே காட்டுக்கென்றே வாங்குவதாயின் 8×42. நடைப்பயணத்தில் எடையைத் தவிர்க்க விரும்பினால் 8×25 அல்லது 8×32. இவற்றுக்கு அப்பால் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை.

இணையக் கடைகளில் 40×60, 50×60 என்று அச்சிட்ட கருவிகள் மலிவு விலையில் குவிந்துள்ளன. நானும் தொடக்கத்தில் அத்தகைய ஒன்றை நம்பி வாங்கி, வேடந்தாங்கலில் ஒரு மாலை முழுவதும் கூழைக்கடாவை வெண்மையான ஒரு கறையாக மட்டுமே பார்த்துத் திரும்பினேன். அந்த எண்கள் பெரும்பாலும் பொய்யானவை. வீட்டிலேயே அதைச் சோதித்துவிடலாம். ஒரு செங்கல் சுவரையோ ஒரே அளவு கம்பிகள் கொண்ட வேலியையோ சற்றுத் தொலைவில் நின்று ஒரு கண்ணை மோனோகுலரிலும் மறு கண்ணை வெறுமனேயும் வைத்து ஒரே நேரத்தில் பாருங்கள். கருவியில் தெரியும் ஒரு செங்கல்லின் உயரம், வெறுங்கண்ணில் தெரியும் எத்தனை செங்கல் வரிசைகளுக்குச் சமமாகிறதோ அதுவே உண்மையான உருப்பெருக்கம். அடுத்து, கருவியை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தால் கண்ணருகு வில்லையில் சிறிய ஒளிவட்டம் ஒன்று தெரியும். அதன் மேல் அளவுகோலை வைத்து அளக்கலாம். 40×60 என்பது உண்மையானால் அந்த வட்டம் 1.5 மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். 4 மில்லிமீட்டர் இருந்தால் எண் பொய் என்பது உறுதி. இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் இச்சோதனையைச் செய்துவிடுங்கள். இந்தச் சோதனைகளை வானத்தின் வெளிச்சத்தில் செய்யும்போது கருவி எக்காரணம் கொண்டும் சூரியன் பக்கம் திரும்பக் கூடாது; ஒரு நொடி போதும், விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

அதே ஒளிவட்டம் உள்ளிருக்கும் முப்பட்டகத்தின் தரத்தையும் காட்டும். வட்டம் முழுமையாக, விளிம்புவரை ஒரே வெண்மையாக இருந்தால் பேக்-4 (BaK-4) எனப்படும் தரமான வகைக் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரங்களில் சாம்பல் நிற நிழல் படிந்து வட்டம் வெட்டுப்பட்டதுபோல் தெரிந்தால் மலிவான கண்ணாடி. வில்லைகளின் மேற்பூச்சு எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்காக இருக்கிறதா என்று விவரக் குறிப்பில் பாருங்கள். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். கருவிக்குள் பல பரப்புகள் இருப்பதால் இழப்பு கூடிக்கொண்டே போகும். வெளிறிய வானத்தின் பின்னணியில் மின்கம்பியில் அமர்ந்த கரிச்சானைப் பாருங்கள். அதன் கரிய விளிம்பில் ஊதாக் கீற்று தடிமனாகத் தெரிந்தால் நிறப்பிறழ்ச்சி அதிகம் என்று பொருள். மெல்லிய கீற்று எல்லாக் கருவிகளிலும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணருகு வில்லையிலிருந்து எவ்வளவு தொலைவு வரை கண்ணைத் தள்ளி வைத்தால் முழுக்காட்சியும் தெரியும் என்பதைக் குறிக்கும் அளவு ஒன்று உண்டு. அது 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மூக்குக்கண்ணாடியோடு பார்க்கும்போது காட்சியின் ஓரங்கள் அறுபட்டுவிடும். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவிய வளையத்தாலேயே அதைச் சரிசெய்துகொள்ளலாம். உருளைப்பிழை (ஆஸ்டிக்மாடிசம்) உள்ளவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். கண்ணாடியோடு பார்ப்பவர்கள் ரப்பர் கண்விளிம்பைத் தாழ்த்தியும், மற்றவர்கள் உயர்த்தியும் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்களுக்கு நீர்புகாத, உள்ளே நைட்ரஜன் நிரப்பிய கருவி அவசியம். இல்லாவிட்டால் குளிர்சாதன வண்டியிலிருந்து இறங்கியதும் வெளியே படியும் ஈரத்தைத் துடைத்துவிடலாம், உள்ளே படிவதை ஒன்றும் செய்ய முடியாது.

கருவி கைக்கு வந்ததும், எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு துளை அமைத்து, இரு கண்களையும் திறந்தபடி அத்துளை வழியாகத் தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள் இருக்கிறதோ அதுவே உங்கள் முதன்மைக் கண். மறு கண்ணை இறுக்கி மூடுவது சில நிமிடங்களிலேயே முகத்தசையைக் களைக்க வைத்து, பார்க்கும் கண்ணையும் கலங்கச் செய்யும். அதைத் திறந்தே வைத்து, காணும் காட்சியை மனம் புறக்கணிக்கும்படி பழக்குங்கள். தொடக்கத்தில் இது கடினம் என்பவர்கள் அந்தக் கண்ணை உள்ளங்கையால் தொடாமல் மறைத்துக்கொள்ளலாம்.

கிளையில் அமர்ந்த பறவையைக் கருவிக்குள் கொண்டுவர முடியவில்லை என்பது புதியவர்கள் அனைவரும் சொல்லும் குறை. காரணம் எளியது: அவர்கள் கண்ணை எடுத்துக் கருவியைப் பார்க்கிறார்கள், பிறகு கருவி வழியாகப் பறவையைத் தேடுகிறார்கள். 7 பாகைக் காட்சிக்கோணம் கொண்ட கருவி 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 12 மீட்டர் அகலத்தை மட்டுமே காட்டும்; இலைகள் நிறைந்த மரத்தில் அந்தச் சிறு வட்டத்தை அலையவிட்டால் எதுவும் சிக்காது. பறவையின் மேல் வைத்த பார்வையை எடுக்காமல், தலையையும் அசைக்காமல், கருவியை மட்டும் கண்ணுக்கு உயர்த்துங்கள். பறவை வட்டத்துக்குள் தானாக வந்து நிற்கும். அப்படியும் வராவிட்டால், அருகே உள்ள முறிந்த கொம்பையோ வெளிறிய பட்டையையோ அடையாளமாகக் கொண்டு அங்கிருந்து நகருங்கள். வீட்டு மொட்டை மாடியில் நின்று தென்னங்கீற்றில் அமரும் காகங்களை வைத்து ஒரு வாரம் பழகினால் இது கைவந்துவிடும். காட்டுக்குப் போய்ப் பழகுவதைவிட இது நல்லது.

நடுக்கத்தைக் குறைக்க, ஒரு கையால் குழலைப் பிடித்து, மறு கையால் முன்பகுதியைத் தாங்கி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். குழலைப் பிடித்த கையின் ஆள்காட்டி விரலைப் புருவத்தின் மேல் ஊன்றினால், முகத்தைத் தொடும் இடம் ஒன்றுக்கு இரண்டாகும். இந்த ஒரு மாற்றமே படத்தை வெகுவாக நிலைப்படுத்தும். மரத்தில் சாய்வது, தரையில் அமர்ந்து முழங்கால்களின் மேல் முழங்கைகளை ஊன்றுவது, ஊன்றுகோலின் தலையில் கருவியைத் தாங்குவது ஆகியவையும் உதவும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திய கணத்தில் படம் மிகத் தெளிவாக இருக்கும்.

நேரமும் ஒளியின் திசையும் கருவியின் தரத்துக்கு இணையாக முக்கியம். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால்தான் இறகின் நிறம் தெரியும். கோடியக்கரையின் உப்பளங்களிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கானல் எழும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் தொலைவில் நிற்கும் பூநாரைக் கூட்டம் நெளிந்தே தெரியும். காலை வெயில் சுடத் தொடங்குமுன் பார்த்து முடிப்பது தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

யானையும் காட்டெருதும் நடமாடும் ஆனைமலை, முதுமலைப் பகுதிகளில் ஒரு கட்டுப்பாட்டை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்: மோனோகுலரைக் கண்ணில் வைத்தபடி ஓரடிகூட நடக்காதீர்கள். குழல் வழியாகப் பார்ப்பவர் அந்த வட்டத்துக்கு வெளியே நடப்பதை அறியார். தொலைவில் நிற்கும் பெண் யானையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பக்கத்துப் புதரில் கன்றோடு இன்னொன்று நிற்கக்கூடும். சில நொடிகளுக்கு ஒருமுறை கருவியை இறக்கிச் சுற்றிலும் பார்க்க வேண்டும்.

வேடந்தாங்கலில் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் வக்காக்களும் நெருக்கமாகக் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கக் காலத்திலேயே அங்கு வேட்டையைத் தடுத்து உரிமை பெற்றவர்கள். அவர்கள் காத்துத் தந்த அமைதியில்தான் நாம் கரையில் நின்று பார்க்கிறோம். 80 மீட்டர் தொலைவிலுள்ள கூட்டை 8 மடங்கு கருவி 10 மீட்டரில் காட்டிவிடும்போது இன்னும் நெருங்க வேண்டிய தேவையே இல்லை. குஞ்சோடு இருக்கும் தாய்ப்பறவை கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்த்தால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அது எழுந்து பறப்பதற்கு முன் பின்வாங்குங்கள்.

திரும்பியதும் வில்லையை வேட்டி முனையாலோ சட்டையாலோ துடைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒட்டியிருக்கும் மணல்துகள் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் காற்றூதியாலோ மென்தூரிகையாலோ தூசியை அகற்றி, பிறகே மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைக்கலாம். கடலோரம் போய்வந்த நாளில் வெளிப்புறத்தை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உப்புப் படிவை நீக்குங்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் வில்லைக்குப் பெரும் எதிரி பூஞ்சை. தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் விட்டால் கண்ணாடியின் மேல் சிலந்தி வலை போன்ற இழைகள் படரும், அவை பூச்சையும் அரித்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால், நீலமோ ஆரஞ்சோ மறைந்து ஈரம் ஏறியிருப்பது தெரிந்தவுடன் உறையில் குறித்துள்ள வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.