ஈஸ்ட்ரோஜன் மூளையைக் காக்குமா? அவசர முடிவால் வரும் தவறுகள்

"அழற்சியின்போது மூளையின் தடுப்பரணை ஈஸ்ட்ரோஜன் காக்கிறது" என்ற செய்தியைப் படித்ததும், மாதவிடாய் நின்ற அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்று தோன்றிவிடும். அந்த எண்ணத்துக்குள் பல தவறுகள் இருக்கின்றன.

தடுப்பரணைக் கற்சுவராக நினைப்பது முதல் தவறு. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்பக்கம் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பிணைந்திருப்பதுதான் அந்த அரண். கிளாடின்-5 போன்ற புரதங்கள் அந்த இணைப்பை இறுக்கிப் பிடிக்கின்றன. உடலில் கடுமையான அழற்சி வந்தால், நெருக்கமாக நெய்த துணியில் இழை விலகுவது மாதிரி, இணைப்புகள் தளர்கின்றன. ரத்தத்தில் இருப்பவை கசிந்து உள்ளே போகின்றன, வெள்ளை அணுக்களும் நுழைகின்றன.

இங்கேதான் ஹார்மோன் வருகிறது. ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பை நீக்கப்பட்ட பெண் சுண்டெலிகளுக்கு பாக்டீரியா நச்சு கொடுத்து அழற்சியைத் தூண்டியபோது கசிவு அதிகமாக இருந்தது. ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகையான எஸ்ட்ரடையால் கொடுத்ததும் குறைந்தது. சரி, இது பெண்களுக்கு மட்டுமான கதை என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. விரை நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளிலும் அரண் தளர்கிறது, விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அதைச் சீராக்குகிறது. தவிர, அரோமடேஸ் என்ற நொதி ஆண்களின் மூளையிலும் டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது வயதை மறப்பது. 2004-இல் வந்த ஓர் எலி ஆய்வில், இளம் பெண் எலிகளில் எஸ்ட்ரடையால் கசிவைக் குறைத்தது. இனப்பெருக்கக் காலம் முடிந்த எலிகளில் அதே ஹார்மோன் கசிவைக் கூட்டியது! மனிதர்களிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வகை மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2003-இல் வந்தது. டிமென்ஷியா என்ற மறதி நோயின் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அதில் தரப்பட்ட ஈஸ்ட்ரோஜன், கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த கலவை. எலிகளுக்குக் கொடுத்த எஸ்ட்ரடையாலும் அதுவும் ஒன்றல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

எலிக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று நம்புவதும் அப்படித்தான். தலையில் அடிபட்ட எலிகளில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் மூளை வீக்கத்தைக் குறைத்தது, பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் தலையில் அடிபட்ட 882 பேரிடமும் 1,195 பேரிடமும் நடந்த இரண்டு பரிசோதனைகளின் முடிவுகள் 2014-இல் வெளியானபோது, நோயாளிகளுக்கு எந்தப் பலனும் தெரியவில்லை.

ஈஸ்ட்ரோஜன் காக்கிறது என்றால், நோய் எதிர்ப்பு செல்களே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் பெண்களுக்கு ஏன் அதிகமாக வருகிறது? இந்தக் கேள்வி நியாயமானது. தடுப்பரணை மட்டும் பார்ப்பதால்தான் இதில் குழம்புகிறோம். ஹார்மோன்கள் அரணை மட்டும் தொடுவதில்லை, அதைத் தாக்க வரும் நோய் எதிர்ப்பு செல்களையும் மாற்றுகின்றன. மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த நோயின் தாக்குதல்கள் வெகுவாகக் குறைகின்றன, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடுகின்றன. அப்போது எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை உச்சத்துக்கு ஏறி இறங்குவது உண்மை. ஆனால் கர்ப்பத்தில் மாறுவது அது ஒன்று மட்டுமா?

ஏற்கெனவே மருத்துவர் சொல்லி ஹார்மோன் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். உடல் கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் அது உண்மையிலேயே உதவுகிறது. புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் கடையில் கேட்டு வாங்காமல், மருத்துவரிடம் சிலவற்றை மறக்காமல் சொல்லுங்கள்: உங்கள் வயது, மாதவிடாய் நின்று எத்தனை வருடம் ஆகிறது, ரத்தக்கட்டோ பக்கவாதமோ வந்ததுண்டா, மார்பகப் புற்றுநோய் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்ததா.