டால்பின் செல்லில் பிசிபி சோதனையா? போட்ட அளவை நம்பாதீர்கள்

போன மாதம் பினாங்கில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி, செல் வளர்க்கும் குழிகள் கொண்ட பிளேட்டோடு வந்து நின்றாள். "அக்கா, 10 மைக்ரோமோலார் போட்டும் செல் சாகவே இல்லை. டால்பினை பிசிபி ஒன்றும் செய்யாது போலிருக்கே" என்றாள். பிசிபி என்பது பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் என்ற நச்சு வேதிப்பொருள் குடும்பம். ஒன்பது வருடத்துக்கு முன் என் மேற்பார்வையாளரிடம் நானும் இதையேதான் சொன்னேன். கையுறை, கிருமித் தொற்று பற்றியெல்லாம் எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

போட்டதெல்லாம் செல்லுக்குப் போகும் என்று எண்ணுவது

பிசிபி தண்ணீரில் நிற்காது, கொழுப்பைத் தேடி ஓடும். பிசிபி 153 என்ற வகை தண்ணீரைவிடக் கொழுப்பில் பல லட்சம் மடங்கு அதிகமாகச் சேரும். கடல்நீரில் அற்பமாக இருப்பது மீன் வழியாக ஏறி டால்பினின் தோலடிக் கொழுப்பில் குவிவது இதனால்தான். இதே குணம் பிளேட்டிலும் வேலை செய்யும். செல் வளரும் திரவமான மீடியத்தில் 10 சதவீதம் சீரம் (ரத்த நீர்) ஊற்றுகிறோம் அல்லவா? அதிலுள்ள அல்புமினும் கொழுப்புப் புரதங்களும் பிசிபியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சுவரும் தன் பங்குக்கு உறிஞ்சும். செல்லுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இது புரிய எனக்கு ஏழு மாதம் ஆனது. தெலுக் பகாங் பக்கம் வலையில் சிக்கி இறந்த கூன்முதுகு டால்பினின் தோலிலிருந்து வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்கள் அவை. பிரித்துப் பிரித்து வளர்த்தால் மூப்படைந்து நின்றுவிடும். இன்னொரு டால்பினைத் தேடிப் போக முடியாது. அவற்றில் பாதிக்கு மேல் வீணடித்தேன். அதிக அளவு போட்ட குழிகளின் அடியில் ஊசி ஊசியாக ஏதோ மினுங்கியது. செத்த செல்லின் சிதறல் என்று குறிப்பேட்டில் எழுதினேன். அது கரையாமல் படிந்த பிசிபி. சீரத்தை 1 சதவீதமாகக் குறைத்ததும், அதே அளவில் செல்கள் உருண்டு திரண்டு அடியை விட்டுக் கழன்றன. பிசிபி போடாத, அதே குறைந்த சீரத்தில் வளர்ந்த குழிகளில் அப்படி நடக்கவில்லை.

அதனால் கலவையைக் கண்ணாடிக் குப்பியில் தயாரியுங்கள். செல்லே இல்லாத சில குழிகளையும் கூடவே வையுங்கள். சுவர் எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும். கடைசியில் மீடியத்தையும் செல்லையும் தனித்தனியாக அளந்து, அந்த எண்ணை எழுதுங்கள். போட்ட அளவை மட்டும் வைத்து 'பாதிப்பில்லை' என்று முடிக்கும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அந்த ஒரு வரியை நம்பி, கடலில் இருக்கும் விலங்குக்கு ஆபத்தில்லை என்று யாராவது முடிவெடுத்துவிடுவார்கள்.

தோலடிக் கொழுப்பின் அளவை அப்படியே குழியில் போடுவது

கொழுப்பு ஒரு சேமிப்புக் கிடங்கு. மற்ற செல்களைத் தொடுவது ரத்தத்தில் ஓடுவது. பட்டினி கிடக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் அந்தக் கிடங்கு திறக்கும். தாயிடமிருந்து அதிகம் வாங்கிக்கொள்வது தலைக்குட்டி. அப்புறம், கொழுப்பு எடைக் கணக்கையும் (ஒரு கிராம் கொழுப்புக்கு எவ்வளவு) ஈர எடைக் கணக்கையும் (ஒரு கிராம் ஈரத் திசுவுக்கு எவ்வளவு) கலக்காதீர்கள்.

சாவை மட்டும் எண்ணுவது

பிசிபி 126 செல்லைக் கொல்வதற்கு வெகு முன்பே வேற்று வேதிப்பொருள்களை மாற்றும் சிஒய்பி1ஏ1 நொதியைத் தூண்டிவிடும். அதையும் அளந்து பாருங்கள்.

வெறுமனே 'பிசிபி' என்று எழுதுவது

மொத்தம் 209 வகை இருக்கின்றன. எண் போடுங்கள்.

அந்த மாணவியின் பிளேட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அதே ஊசிகள். திரவ நைட்ரஜனில் இன்னும் நான்கு குப்பி செல் இருக்கிறது. செல் இல்லாத குழிகளின் கணக்கு கைக்கு வரும்வரை அவற்றைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.