ரீமோர்ட்கேஜ்: எவ்வளவு தருவார்கள், எதைப் பார்த்துத் தருவார்கள்?

பிரிட்டனில் சொந்த வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே மோர்ட்கேஜ் வேலை முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஊரில் ஒரு பேங்கில் வீட்டுக் கடன் எடுத்தால் பெரும்பாலும் அதே பேங்கில் கட்டி முடிப்போம். இங்கே பழக்கம் வேறு. இரண்டு அல்லது ஐந்து வருடத்துக்கு வட்டியை ஃபிக்ஸ் செய்து தருவார்கள். அந்தக் காலம் முடிந்த பிறகு நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தால், கடன் தானாகவே ஸ்டாண்டர்ட் வேரியபிள் ரேட்டுக்கு, அதாவது நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றும் வட்டிக்குப் போய்விடும். அது பெரும்பாலும் வெளியில் கிடைக்கும் வட்டியைவிட நன்றாகவே கூடுதல். 279,000 பவுண்டு கடனில் ஒரு சதவீதம் கூடினால் வருடத்துக்கு 2,790 பவுண்டு. மாதம் 230 பவுண்டுக்கு மேல் வீணாகப் போகும்.

அதனால்தான் கடனை வேறு திட்டத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாற்றுகிறோம். இதைத்தான் ரீமோர்ட்கேஜ் என்கிறோம். அப்போது எல்லோர் வாயிலும் வரும் கேள்வி: "எவ்வளவு தருவாங்க?"

கடன் கொடுப்பவர்கள் இரண்டு கணக்குப் போடுகிறார்கள். ஒன்று வீட்டை வைத்து, இன்னொன்று வருமானத்தை வைத்து. இரண்டில் எது குறைவோ, அதுதான் உங்களுக்கு. நம் ஆட்கள் முதல் கணக்கை மட்டும் மனதில் போட்டுக்கொண்டு, வீட்டு விலை ஏறிவிட்டது, காசு எடுக்கலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 66,000 பவுண்டு சம்பளம். 320,000 பவுண்டு வீட்டை 10 சதவீத முன்பணம் கட்டி, 288,000 பவுண்டு கடனில் வாங்குகிறார்கள். 30 வருடம், 5 சதவீத வட்டி, இரண்டு வருட ஃபிக்ஸ். இரண்டு வருடம் கட்டிய பிறகு மீதிக் கடன் ஏறக்குறைய 279,000. வீட்டின் மதிப்பு இப்போது 345,000.

வீட்டுக் கணக்குப்படி, கடன் வீட்டு மதிப்பில் 81 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வட்டி இங்கே படிப்படியாக மாறும்: 60, 75, 80, 85, 90 சதவீதம் என்று படிகள். இவர்கள் 80-ஐத் துளி தாண்டி நிற்பதால் 85 படியின் வட்டிதான் கிடைக்கும். சேமிப்பிலிருந்து 3,000 பவுண்டு கட்டினால் கடன் 276,000 ஆகும். அது சரியாக 80 சதவீதம், ஒரு படி கீழே இறங்கிவிடலாம். பெரும்பாலான ஃபிக்ஸ் திட்டங்கள் வருடத்துக்கு மீதிக் கடனில் 10 சதவீதம் வரை அபராதம் இல்லாமல் கூடுதலாகக் கட்ட விடுகின்றன. புது வட்டியைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

90 சதவீதம் வரை போகலாம் என்றால், இந்த வீட்டின் மேல் 310,500 வரை கடன் நிற்கலாம். அதாவது இன்னும் 31,500 எடுக்கலாம் போலத் தெரியும்.

இனி வருமானக் கணக்கு. பொதுவாக ஆண்டு வருமானத்தைப் போல நான்கரை மடங்கு வரை தருவார்கள். சம்பளம் அதிகமானால் சிலர் ஐந்து, ஐந்தரை மடங்குகூடத் தருவார்கள். நான்கரை மடங்கும் அதற்கு மேலும் போகும் கடன்கள் புதுக் கடன்களில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2014-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு வரம்பு வைத்தது. 2025-இல் அதைத் தளர்த்தினார்கள் என்றாலும், நடைமுறையில் அந்த நான்கரைதான் இன்னும் நிற்கிறது. நம் உதாரணக் குடும்பத்தில் இடையில் குழந்தை பிறந்து, ஒருவர் பார்ட் டைமுக்கு மாறிவிட்டார். இப்போது வருமானம் 58,000. நான்கரை மடங்கு போட்டால் 261,000. கூடுதலாக எடுப்பதை விடுங்கள், இருக்கிற 279,000 கடனையே புது நிறுவனம் ஏற்காமல் போகலாம். நர்சரி செலவு, காருக்குக் கட்டும் மாதத் தவணை, கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் இதற்கு மேல் கழியும்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம். இருக்கும் நிறுவனத்திலேயே புதுத் திட்டத்துக்கு மாறுவதற்கு 'ப்ராடக்ட் டிரான்ஸ்ஃபர்' என்று பெயர். கூடுதல் பணம் கேட்காவிட்டால் பெரும்பாலும் வருமானத்தைத் திரும்பச் சோதிக்க மாட்டார்கள், வக்கீல் வேலையும் கிடையாது. 2023 ஜூனில் அரசும் கடன் நிறுவனங்களும் செய்த மோர்ட்கேஜ் சார்ட்டர் என்ற உடன்பாட்டில் சேர்ந்த நிறுவனங்கள், திட்டம் முடியச் சில மாதம் இருக்கும்போதே புது வட்டியைப் பிடித்துவைக்க விடுகின்றன. அது தொடங்கும் முன் அவர்களிடமே அதைவிட நல்லது வந்தால் மாற்றியும் கேட்கலாம். வேறு நிறுவனத்துக்குப் போவதானால், பழைய ஃபிக்ஸ் முடிவதற்கு ஒரு நாள் முன்பு மாறினாலும் அபராதம் உண்டு. ஒன்றிலிருந்து ஐந்து சதவீதம் வரை இருக்கலாம். தேதியில் கவனம்.

அப்புறம் பேங்க் ஸ்டேட்மென்ட். மூன்று மாதத்துக்கு உரியதைக் கேட்பார்கள், ஒவ்வொரு வரியையும் பார்ப்பார்கள். என் மச்சானுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்த பணத்தை மாதம் 400 பவுண்டாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்பும்போது ரெஃபரன்ஸ் இடத்தில் 'லோன்' என்று போட்டிருந்தேன். இது என்ன கடன், இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கித் தரும்வரை ஃபைல் இரண்டு வாரம் நகரவில்லை. சீட்டுக்குக் கட்டும் பணமும், ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணமும் இப்படித்தான் செலவாகக் கண்ணில் படும். மறைக்கச் சொல்லவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லி, முடியும் தேதியைக் காட்டத் தயாராக இருங்கள். கூடுதல் பணம் எதற்கு என்றும் கேட்பார்கள். வீட்டை விரிவாக்க என்றால் சுலபம். ஊரில் காணி வாங்க என்றால் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்க மாட்டார்கள். அதற்காகக் காரணத்தை மாற்றிச் சொல்லாதீர்கள், அது மோசடிக் குற்றம்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் வரியைக் குறைக்க லாபத்தைக் குறைத்துக் காட்டினால், கடன் தகுதியும் அதே அளவு குறையும். பெரும்பாலும் இரண்டு வருட எஸ்ஏ302, அதாவது வரித்துறையின் வரிக் கணக்குத் தாள் கேட்பார்கள். ஓவர்டைம் வருமானத்தைச் சிலர் முழுதாகவும் சிலர் பாதியாகவும் எடுப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விசாவில் இருப்பவர்களுக்கு வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் தரலாம் என்பதில் சில நிறுவனங்கள் தனி வரம்பு வைத்திருக்கின்றன. நிரந்தர வதிவுரிமை கிடைத்ததும் கதவுகள் அதிகம் திறக்கும். அது சில மாதங்களில் வரப்போகிறது என்றால், ஐந்து வருட ஃபிக்ஸில் பூட்டிக்கொள்ளும் முன் யோசியுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு, வீடு வாங்கும் எண்ணம் இன்னும் இல்லாதவர்களுக்கும் சேர்த்தே, ஒன்று சொல்கிறேன். இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், இங்கே முறையான விசாவில் வசிக்கும்போதே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பலருக்கு இது தெரியாது. உங்கள் முகவரியைக் கடன் நிறுவனங்கள் உறுதிசெய்ய அதையும் பார்க்கின்றன. கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களிலும் உங்கள் ரிப்போர்ட்டை இலவசமாகப் பார்க்கலாம். பழைய வாடகை முகவரி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

புரோக்கரிடம் போனால் முதலில் கேட்க வேண்டியவை: எல்லா நிறுவனங்களையும் பார்ப்பாரா, சிலதை மட்டுமா? கட்டணம் உங்களிடம் வாங்குவாரா, கடன் கொடுப்பவரிடமா? தமிழில் பேசுகிறார், ஊர்க்காரர் என்பது மட்டும் போதாது. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ அமைப்பின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.